காளான் பையில் பச்சை, பாட்டிலில் புளிப்பு: கை தவறிய இடத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

மாடு விற்றபின் காலியாகக் கிடந்த கொட்டகையில்தான் காளான் வளர்க்க ஆரம்பித்தேன். ஊர் நீடாமங்கலத்துக்குப் பக்கம். சுற்றிலும் வயல், வீட்டுக்கு வீடு வைக்கோல் போர். காளானுக்கு வேறென்ன வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். முதல் தடவை வைக்கோலை அடைத்து வித்து போட்ட 11 பைகளில் 9 பைகள் எருக்குழிக்குப் போயின. பச்சைப் பூஞ்சாணம் படிந்ததும் மருந்து கேட்டு அலைந்தேன், தெளிப்பானை மாற்றினேன், சாக்கை மாற்றினேன். எதுவும் உதவவில்லை. ஏனென்றால் பையில் நான் பார்த்த பச்சை, பத்துப் பன்னிரண்டு நாளைக்கு முன்பு வைக்கோலை ஆறப்போட்ட திண்ணையில் ஏறியது. காளான் வேலையில் தப்பு நடக்கிற நாள் ஒன்று, அது கண்ணுக்குத் தெரிகிற நாள் வேறு. கீழே எழுதியிருப்பதெல்லாம் தெரிகிற நாளிலிருந்து நடந்த நாளுக்குத் திரும்பிப் போகிற வழி.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கடையில் ‘காளான் விதை’, ‘காளான் வித்து’ என்று விற்பது ஸ்போர் கிடையாது. அது காளானின் வெள்ளை இழை பிடித்த சோளம். ஸ்போர் என்பது விரிந்த காளான் குடையின் அடியிலிருந்து உதிரும் தூள். அந்தத் தூளை அகர் (கடற்பாசிக் கூழ்) ஊற்றிய தட்டில் முளைக்கவைத்து, அதைச் சோளப் பாட்டிலுக்கு மாற்றி, அதிலிருந்து வைக்கோல் பைக்குப் போக வேண்டும். வாங்கிய வித்தில் தொடங்கினால் ஒரு மாதத்தில் குழம்பு வைத்துவிடலாம். ஸ்போரிலிருந்து என்றால் எல்லாம் ஒழுங்காக நடந்தாலும் இரண்டு மாதம் ஆகும். முதன்முறை செய்பவர்கள் வாங்கிய வித்திலும் கூடவே இரண்டு பை போட்டுவையுங்கள். அந்த இரண்டும் நன்றாக வந்து உங்களுடையது மட்டும் கெட்டால் வைக்கோல் வேலை சரி, வித்து வேலையில்தான் பிசகு. வாங்கியதும் உங்களுடையதும் சேர்ந்தே கெட்டால் முதலில் வைக்கோலைப் பாருங்கள்.

நான் சொல்வது பெரும்பாலும் சிப்பிக்காளானைப் பற்றி. நம் பக்கத்தில் அதற்கு ஏற்ற காலம் ஐப்பசியிலிருந்து மாசி வரை. சித்திரை வெயிலில் சிப்பியோடு மல்லுக்கட்டாதீர்கள். அந்த மாதங்களுக்குப் பால் காளான் இருக்கிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998-இல் வெளியிட்ட ஏ.பி.கே 2 என்ற பால் காளான் ரகம் 30 டிகிரிக்கு மேலும் சளைக்காமல் வரும்.

தாளில் தூள் விழவே இல்லை

முதல் முறை நான் வெள்ளைத் தாளில் காளானைக் கவிழ்த்து வைத்தேன். மறுநாள் ஒன்றுமில்லை என்று தாளைக் கசக்கப்போன நேரம், ஜன்னல் வெளிச்சம் சாய்வாகப் பட்டதில் விசிறி மடிப்புபோல வரிவரியாகத் தெரிந்தது. சிப்பிக்காளான் தூள் வெள்ளை, சில சமயம் லேசான கத்தரிப்பூச் சாயல். வெள்ளைத் தாளில் எப்படித் தெரியும்? கறுப்புத் தாளிலோ அலுமினியம் ஃபாயிலிலோ கவிழ்த்துங்கள்.

உண்மையாகவே விழாமல் இருந்தால், எடுத்த காளானில்தான் குறை. குடையின் விளிம்பு உள்பக்கம் சுருண்டிருந்தால் அது இன்னும் பிஞ்சு. விளிம்பு மேல்நோக்கி மடங்கிக் கிழிந்திருந்தால் முற்றிப்போய்த் தூளெல்லாம் கொட்டி முடிந்திருக்கும். கடையில் பாக்கெட் போட்டு வைத்த காளான் வாடியிருந்தாலும் விழாது. மொட்டுக்காளான் வாங்கிக் கவிழ்ப்பவர்களும் உண்டு. அதன் குடை விரியாமல் அடியில் தோல் மூடியிருக்கும், அங்கிருந்து தூள் வர வழியே இல்லை. குடை விரிந்து விளிம்பு நேராக நிற்கிற பருவத்தில் எடுத்து, தண்டை ஒட்ட நறுக்கி, மடிப்பு கீழே இருக்கும்படி வைத்து, மேலே ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, டம்ளரால் மூடி, ஃபேன் காற்று படாத இடத்தில் இரவு முழுக்க விட்டுவிடுங்கள்.

விழுந்த தூளின் நிறத்தையும் குறித்துவையுங்கள். சிப்பிக்கும் பால் காளானுக்கும் வெள்ளை, வைக்கோல் காளானுக்கு இளஞ்சிவப்பு கலந்த பழுப்பு. பச்சையாக விழுந்தால் உடனே எறிந்துவிட்டுக் கை கழுவுங்கள். மழை விட்டபின் புல்தரையில் பெரிய வெள்ளைக் குடையாக வரும் ஒரு நச்சுக்காளானுக்குத்தான் தூள் பச்சை. தின்றவர்களை வாந்தியும் பேதியும் படுக்கவைத்துவிடும். வைக்கோல் காளானின் முட்டைப் பருவத்தைப் போலவே உறைக்குள்ளிருந்து கிளம்பும் உயிர்க்கொல்லிக் காளான்களும் இருக்கின்றன. மஞ்சள் போட்டால் நிறம் மாறும், வெள்ளிக்காசு கறுக்கும் என்கிற சோதனைகளை நம்பவே நம்பாதீர்கள். ஸ்போர் எடுக்கும் காளான், யாரோ வித்து வாங்கி வளர்த்த, பெயர் தெரிந்த காளானாக இருக்கட்டும்.

போன புரட்டாசியில் இடி இடித்து மழை விட்ட மறுநாள், பெரியம்மா முந்தானையில் புற்றுக்காளான் அள்ளிக்கொண்டு வந்தார்.

“ஏண்டி, வெளியூர்க் காளானுக்கு இந்தப் பாடு படறியே, இதைக் கவுத்துப்போட்டு வெதை எடுக்கக் கூடாதா?”

“எடுக்கலாம் பெரியம்மா. ஆனா மொளைக்கவைக்கறதுக்குக் கரையானையும் கூட்டிட்டு வரணும்.”

நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. புற்றுக்காளானின் இழையைப் புற்றுக்குள் வளர்த்துப் பராமரிப்பது கரையான்தான். கரையான் கூடு இல்லாமல் வீட்டில் அதை விளைய வைக்க முடியாது. யாராவது அதன் விதை தருகிறேன் என்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

அகர் இறுகவில்லை, அல்லது தட்டு முழுக்க வியர்வை

நோன்பு மாதத்தில் நாகூர், அதிராம்பட்டினம் பக்கம் பாலில் காய்ச்சித் துண்டு போடுகிற கடற்பாசி இருக்கிறதே, அதேதான் அகர். 200 கிராம் உருளைக்கிழங்கை வேகவைத்து வடித்த தண்ணீரை 1 லிட்டராக்கி, அதில் 20 கிராம் குளுக்கோஸ், 20 கிராம் அகர் தூள் போட்டுக் கரைத்து, குக்கரில் 20 நிமிடம் அழுத்தத்தில் வைக்க வேண்டும். இறுகாவிட்டால் அகர் குறைவு, அல்லது கொதிக்கும்போது முழுதாகக் கரையாமல் அடியில் தங்கிவிட்டது. இழையாக விற்கும் கடற்பாசி ஒவ்வொரு கடையிலும் ஒவ்வொரு மாதிரி இறுகும். தூள் வாங்குவது நல்லது.

மூடியில் நீர்த்துளி கோத்தால் சூடாக ஊற்றிவிட்டீர்கள். பாத்திரத்தைக் கன்னத்தில் வைத்தால் பொறுக்கக்கூடிய சூடு வந்ததும் ஊற்றி, இறுகியபின் தட்டைத் தலைகீழாக வையுங்கள். அந்தத் துளி ஸ்போர் மேல் சொட்டினால் பாக்டீரியாவுக்கு வாய்க்கால் வெட்டிவிட்ட மாதிரி.

தட்டில் இரண்டாம் நாளே ஏதோ வளர்கிறது

சந்தோஷப்படாதீர்கள். சிப்பிக்காளான் ஸ்போர் கண்ணுக்குத் தெரிகிற அளவு முளைக்க நாலைந்து நாளாவது ஆகும், ஒரு வாரமும் ஆகலாம். ஒரே நாளில் பளபளவென்று சளிபோலப் படர்ந்தால் பாக்டீரியா. இரண்டு மூன்று நாளில் பஞ்சுபோல எழும்பி நடுவில் பச்சை, கறுப்பு, மஞ்சள் என்று நிறம் பிடித்தால் பூஞ்சாணம். உங்கள் காளான் தாமதமாக, வெள்ளையாக, நூல் நூலாக, தட்டோடு படிந்து வரும். அது கடைசி வரை வெள்ளைதான்.

ஆனால் என்ன வளர்ந்தது என்பதைவிட எந்த இடத்தில் வளர்ந்தது என்று பாருங்கள், அதுதான் துப்பு. இதற்கு ஒரு ‘சும்மா தட்டு’ வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரு தட்டில் எதையும் தொடாமல், அகரை மட்டும் ஊற்றி மூடி, மற்றவற்றோடே வைத்துவிடுங்கள்.

சும்மா தட்டிலும் வளர்ந்தால் ஸ்போர் மேல் பழி போடாதீர்கள். குக்கரில் நேரம் போதவில்லை, அல்லது ஊற்றும்போது காற்றிலிருந்து விழுந்தது. சும்மா தட்டு சுத்தமாக இருந்து, மற்ற தட்டுகளில் நீங்கள் தூளைத் தொட்ட ஊசியால் இழுத்த கோட்டின் மேலேயே பச்சை வரிசை கட்டினால் தூளே அழுக்கு. காளான் பறித்த இடத்திலேயே பூஞ்சாணம் ஒட்டியிருக்கிறது. கோட்டுக்கு வெளியே அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பொட்டு வைத்தால், மூடியைத் திறந்த நேரத்தில் காற்று புகுந்திருக்கிறது. ஓரத்திலிருந்து உள்ளே வந்தால் மூடி சரியாக உட்காரவில்லை, இல்லாவிட்டால் உண்ணி போன்ற நுண்பூச்சி ஏறியிருக்கிறது. இந்த நாலையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. நான் ஒரு வருஷம் சும்மா தட்டு வைக்காமல் எல்லாத் தட்டையும் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்.

ஸ்போர் தூள் என்றைக்கும் முழுச் சுத்தமாக இருக்காது. அது திறந்த காற்றில் உதிர்ந்த பொருள். அதனால் முதல் தட்டில் கொஞ்சம் அழுக்கு வருவதைத் தோல்வியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வெள்ளை இழை பச்சையை விட்டு விலகி ஓடியிருக்கும் முனையிலிருந்து மிளகு அளவு அகரை வெட்டிப் புதுத் தட்டுக்கு மாற்றுங்கள். அங்கும் அழுக்கு வந்தால் மறுபடியும் முனையிலிருந்து. மூன்றாம் தட்டில் பெரும்பாலும் சுத்தமாகிவிடும். பச்சை முற்றிய தட்டை மட்டும் வீட்டுக்குள் திறக்கவே கூடாது, மூடியபடியே குக்கரில் அவித்துத்தான் கொட்ட வேண்டும்.

காற்றுதான் குற்றவாளி என்று தெரிந்தால், கை நுழைய இரண்டு ஓட்டை போட்ட பெரிய பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்து அதற்குள் வேலை செய்யுங்கள். உள்ளே சோப்புத் தண்ணீரால் துடைத்தால் போதும். நான் முதலில் உள்ளே ஸ்பிரிட் அடித்துவிட்டு, ஊசியைச் சுட விளக்கையும் உள்ளேயே வைத்தேன். பக்கென்று நீலமாகப் பிடித்தது. புறங்கை முடி கருகியதோடு தப்பித்தேன். மூடின டப்பாவுக்குள் ஸ்பிரிட் ஆவியும் நெருப்பும் சேரவே கூடாது. ஊசியை வெளியே சுட்டு, உள்ளே கொண்டுபோய் அகர் ஓரத்தில் தொட்டு ஆறவைத்துக்கொள்ளுங்கள்.

இழை அழகாக வந்தது, ஆனால் கடைசி வரை காளானே வரவில்லை

ஸ்போர் வழியில் மட்டும் வருகிற சிக்கல் இது. வாங்கிய வித்தில் இதைப் பார்க்க மாட்டீர்கள். சிப்பிக்காளானில் ஒற்றை ஸ்போர் முளைத்து வரும் இழைக்குத் தனியாகக் காய்க்கும் சக்தி இல்லை. பொருந்துகிற இன்னொரு ஸ்போரின் இழையோடு சேர்ந்தால்தான் காளான் வரும். தட்டில் தனித்து நின்ற ஒரே ஒரு சுத்தமான புள்ளியைப் பார்த்து ஆசைப்பட்டு அதை மட்டும் எடுத்து வளர்த்திருந்தால், அது ஒற்றையாகவே போயிருக்கலாம். பல புள்ளிகள் கலந்து வளர்ந்த இடத்திலிருந்து எடுங்கள். ஒற்றை இழை பெரும்பாலும் மெலிந்து, மெதுவாகப் போகும். இரண்டு சேர்ந்தபின் திடமாக, வேகமாகப் படரும்.

ஸ்போரிலிருந்து வருகிற ஒவ்வொரு கலப்பும் பிள்ளைகள் மாதிரி ஒவ்வொரு குணம். ஒன்று நன்றாகக் காய்க்கும், ஒன்று காய்க்காது. நல்லது ஒன்று அமைந்துவிட்டால் அடுத்த முறை ஸ்போருக்குப் போகாதீர்கள். அதன் தண்டை நெடுக்காகப் பிளந்து உள்சதையில் ஒரு துணுக்கை அகரில் வைத்தால், அதே குணம் அப்படியே வரும். தொடங்குபவர்களுக்கு இந்தத் திசு வழிதான் சுலபம் என்பது என் கட்சி. ஸ்போர் வழியில் ஆசை அதிகம், விரயமும் அதிகம்.

சோளப் பாட்டிலில் புளிப்பு வாடை

பாட்டிலைத் திறக்காமலே தெரியும். கண்ணாடியோடு சோளம் ஒட்டிக்கொண்டு வழவழப்பாக, அடியில் கஞ்சிபோலத் தேங்கி நிற்கும். இழை பாதி தூரம் வந்து அந்த ஈரத்துக்கு முன் நின்றுவிடும். மூக்கை வைத்தால் பழைய கஞ்சிப் புளிப்பு, இல்லாவிட்டால் அழுகல்.

இதற்கு இரண்டு காரணம். ஒன்று ஈரம். சோளத்தை அரைவேக்காட்டில் இறக்க வேண்டும். புழுங்கலுக்கு நெல் அவிக்கிறவர்களுக்குக் கைப்பக்குவம் தெரியும், ஆனால் இங்கே கணக்கு நேர் எதிர். நெல் வாய் பிளக்க வேண்டும், சோளம் வாய் பிளக்கவே கூடாது. நகத்தால் அழுத்தினால் அமுங்க வேண்டும், தோல் முழுசாக இருக்க வேண்டும். வெடித்த சோளத்திலிருந்து மாவு கசியும், அது பாக்டீரியாவுக்குப் பாயசம். வடித்து, சாக்கில் பரப்பி, வெறுந்தரையில் ஒரு பிடி போட்டால் தரையில் ஈரத் தடம் விழாத அளவு உலரவிடுங்கள். பிறகு கிலோவுக்கு 20 கிராம் கால்சியம் கார்பனேட் கலந்தால் சோளம் ஒன்றோடொன்று ஒட்டாமல் உதிரியாக நிற்கும், புளிப்பும் கட்டுப்படும்.

இரண்டாவது காரணம் சூடு போதாமை. தானியத்தில் இருக்கும் சில பாக்டீரியாக்கள் கெட்டியான உறைக்குள் உறங்கும். வெறும் கொதி அவற்றை ஒன்றும் செய்யாது. முந்தின இரவே சோளத்தை ஊறப்போட்டால் உறக்கம் கலைந்து எழும்பும், எழும்பியதை வெப்பம் எளிதாகக் கொல்லும். குக்கரில் வெயிட் போட்டு, முழு அழுத்தம் வந்தபிறகு ஒன்றரை மணி நேரமாவது சிறு தீயில் இருக்க வேண்டும். அழுத்தம் வருமுன் ஓடிய நேரத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பெரிய குக்கராக எடுத்து, அடியில் தாங்கி போட்டு, போதிய தண்ணீர் ஊற்றுங்கள். ஒன்றரை மணி நேரத்தில் சின்னக் குக்கரில் தண்ணீர் வற்றிவிடும், வற்றினால் ஆபத்து. அணைத்தபின் தானாக ஆறும்வரை கைவைக்க வேண்டாம். அவசரப்பட்டு ஆவியை விட்டால் பாட்டில் வாயை அடைத்த பஞ்சு நனைந்து பிதுங்கும். நனைந்த பஞ்சு வழியாகப் பூஞ்சாணம் உள்ளே போகும்.

இங்கேயும் ‘சும்மா பாட்டில்’ ஒன்று வேண்டும். எதுவும் கலக்காத பாட்டிலை ஒரு வாரம் வைத்துப் பாருங்கள். அது புளித்தால் அவித்ததில் தப்பு, அது நன்றாக இருந்து மற்றது புளித்தால் தட்டிலிருந்து வந்த தப்பு.

பாட்டில் வாயில் செங்காவியாகத் தூள் பொங்கினால் அது ரொட்டியில் வருகிற ஆரஞ்சுப் பூஞ்சாணம். ஒரே இரவில் வீடு முழுக்கப் பரவும். ஈரத்துணியால் மூடி, அப்படியே தூக்கிக்கொண்டுபோய் வெளியே எரித்துவிடுங்கள்.

வித்தை ஃப்ரிட்ஜில் வைத்தேன், அப்புறம் வளரவில்லை

சிப்பி வித்து என்றால் வேறு காரணம் தேட வேண்டும். வைக்கோல் காளான் வித்து என்றால் குளிரில் செத்துவிட்டது. அது வெப்பநாட்டுப் பிள்ளை, அறையிலேயே வைத்திருங்கள்.

வைக்கோல் பையில் பச்சை

டெல்டாவில் அதிகம் கேட்கிற புகார் இதுதான், என் 9 பைகளும் இதில்தான் போயின. முதலில் வெள்ளையாகவே தொடங்கும், மூன்று நாளில் பச்சைப் பாசி மாதிரி மாறும். டிரைக்கோடெர்மா என்று பெயர். வயலில் நோய்த் தடுப்புக்கு நாமே வாங்கிப் போடுகிற அதே பூஞ்சாண இனம். ஒரு தோட்டத்து நண்பன் இன்னொரு தோட்டத்தில் திருடன்.

வைக்கோலிலிருந்து தொடங்குங்கள். சம்பா, தாளடி வைக்கோல் தை, மாசி வெயிலில் காய்ந்து பொன்னிறமாக வரும். குறுவை வைக்கோல் புரட்டாசி, ஐப்பசி மழையில் மாட்டிக்கொள்ளும். நனைந்து காய்ந்து மறுபடி நனைந்த வைக்கோலில் பூஞ்சாணம் உங்களுக்கு முன்னே குடியேறியிருக்கும். மெஷின் அறுத்துக் கட்டுக் கட்டிய வைக்கோலை நடுவில் பிரித்துப் பாருங்கள். வெளியே பொன்னாக இருந்து உள்ளே கறுத்திருக்கும், மக்கல் வாடை வரும். அது வேண்டாம். நெல்லின் குலைநோய்க்குக் கடைசி நேரத்தில் மருந்தடித்த வயலா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். பூஞ்சாணக்கொல்லி தங்கிய வைக்கோலில் பச்சையும் வராது, காளானும் வராது, இழை அப்படியே நின்றுவிடும். ஒரு முறை வந்த சம்பா வைக்கோலில் ஒரு வருஷத்துக்கு வேண்டியதை எடுத்து, தரையில் படாமல் பரண்மேல் போட்டுவைப்பதுதான் என் வழக்கம்.

அடுத்து அவிப்பு. 3 முதல் 5 செ.மீ. துண்டாக நறுக்கி, நாலைந்து மணி நேரம் ஊறவைத்து, ஒரு மணி நேரம் கொதிக்கும் தண்ணீரில் அமுக்கி வேகவைக்க வேண்டும். பாதிப்பேர் மேலே மிதக்கும் வைக்கோலைக் கவனிப்பதில்லை. மேலே ஒரு கல்லை வைத்து அமுக்குங்கள்.

அப்புறம் நான் கோட்டைவிட்ட இடம், ஆறப்போடுவது. வெந்த வைக்கோலைக் கோழி நடந்த திண்ணையில் கொட்டி, வாசல் கூட்டுகிற நேரத்தில் ஆறவைத்தேன். வெந்தபின் அதில் எதிர்த்து நிற்க எந்த உயிரும் இல்லை, முதலில் எது விழுகிறதோ அதற்கே பட்டா. சோப்புப் போட்டு அலசிய தார்ப்பாயை அறைக்குள் விரித்து, கதவைச் சாத்தி ஆறவிடுங்கள். ஒரு பிடி எடுத்து இறுகப் பிழிந்தால் சொட்டக்கூடாது, உள்ளங்கை மட்டும் ஈரமாக வேண்டும். சொட்டினால் பையின் அடியில் தண்ணீர் தேங்கி அங்கிருந்து நாறும்.

பச்சை எங்கே என்று பார்த்தால் இங்கும் துப்பு கிடைக்கும். வித்து போட்ட அடுக்குகளில் சோளத்தைச் சுற்றியே பச்சை என்றால் வித்து கெட்டது. அடுக்குகளுக்கு இடையே வைக்கோலில் என்றால் அவிப்பு போதவில்லை. காற்றுக்குப் போட்ட ஓட்டையைச் சுற்றி மட்டும் என்றால் பரவாயில்லை, அந்த இடத்தில் உப்பை அப்பி, ஈரத்தைக் குறையுங்கள். மற்ற பைகளைத் தொடுமுன் கையை நன்றாகக் கழுவிக்கொள்ளுங்கள். பாதிக்குமேல் பச்சையான பையைக் காப்பாற்ற நினைக்காதீர்கள். கொட்டகைக்கு எட்டத்தில் குழிதோண்டிப் புதையுங்கள். பச்சைப் பையில் ஒன்றிரண்டு காளான் வந்தாலும் தின்ன வேண்டாம்.

நான் விதைக்காத கறுப்புக் காளான் முந்திக்கொண்டது

மெல்லிய நீளத் தண்டு, சாம்பல் தொப்பி, மறுநாள் மசிபோல உருகி வழியும். மைக்காளான். வைக்கோல் சரியாக வேகவில்லை, அல்லது சத்துக் கூடட்டும் என்று தவிடோ சாணமோ அள்ளிப் போட்டிருக்கிறீர்கள். உருகுமுன் பிடுங்கி எறிந்துவிட்டுக் காத்திருங்கள். சிப்பி பிழைத்து வருவதும் உண்டு.

பை முழுக்க வெளுத்தும் மொட்டு இல்லை

முதலில் தேதியைப் பாருங்கள். இழை படர 15 முதல் 20 நாள் ஆகும். அதற்கு முன்னால் கேட்பது அவசரம். தேதி தாண்டிவிட்டால் காற்று, வெளிச்சம், ஈரம், சூடு என்ற நாலில் ஒன்று. இழை படரும்போது இருட்டறை போதும். மொட்டுக்கு அது ஆகாது. செய்தித்தாள் படிக்கிற அளவு வெளிச்சம் வேண்டும், அதைவிட முக்கியம் காற்று மாறுவது. பையைக் கிழித்து, ஈரச்சாக்குத் தொங்கவிட்டு, தரையில் மணல் பரப்பித் தண்ணீர் தெளித்து, காலையும் மாலையும் கதவைத் திறந்துவிடுங்கள். கார்த்திகை அடைமழையில் ஈரம் தானாகவே இருக்கும், அப்போது தெளிப்பது கேடு. தை மாதத்தில் பகல் வறண்டு காற்றடிக்கும், மூன்று முறை தெளித்தாலும் போதாது.

பால் காளான் பையில் மொட்டு வராவிட்டால் ஒரே கேள்வி: மேலே மண் போட்டீர்களா? அவித்து ஆறிய மண்ணைச் சுமார் 2 செ.மீ. உயரத்துக்குப் பரப்பாமல் அது காய்க்காது. மண்ணைத் தாண்டி வெள்ளை இழை மேலே போர்வை மாதிரி மூடிவிட்டால் காற்றோட்டம் போதவில்லை. முள் கரண்டியால் லேசாகக் கிளறிவிட்டுக் கதவைத் திறங்கள்.

தண்டு நீளம், குடை பொத்தான் அளவு

மூச்சுத் திணறல். காளானும் நம்மைப்போலக் கரியமில வாயுவைத்தான் வெளியே விடுகிறது. அது தேங்கினால் தண்டு காற்றைத் தேடி நீளும். சன்னலைத் திறப்பதுதான் மருந்து. எலிக்குப் பயந்து எல்லா ஓட்டையையும் அடைத்த கொட்டகையில் எனக்கு இப்படித்தான் வந்தது. கம்பி வலை அடித்தேன், அடுத்த அறுவடையில் குடை விரிந்தது.

மொட்டு வந்து கருகுகிறது, மஞ்சளாகிக் கொழகொழக்கிறது

காய்ந்து சுருங்கிக் கருகினால் வறட்சி, அல்லது வேகமான காற்று நேராக அடிக்கிறது. மஞ்சளாகிப் பிசுபிசுத்தால் பாக்டீரியா, மொட்டின் மேலேயே தண்ணீர் அடித்து அது உலராமல் நின்றிருக்கிறது. தெளிப்பானைச் சாக்குக்கும் மணலுக்கும் காட்டுங்கள், மொட்டுக்குக் காட்டாதீர்கள். தெளித்தபின் அரைமணி நேரமாவது கதவு திறந்திருக்க வேண்டும்.

சின்ன ஈ மொய்க்கிறது

கொசுவில் பாதி இருக்கும். புழு தண்டுக்குள் துளைத்துக்கொண்டு போகும். காளான்மேல் பூச்சிமருந்து அடிக்கவே கூடாது, தின்கிற பொருள். வலை, கதவருகே விளக்குக்குக் கீழே எண்ணெய் தடவிய மஞ்சள் அட்டை, பறித்தபின் பையில் தங்கும் அடித்தண்டைச் சுரண்டி எடுப்பது. இந்த மூன்றும் போதும். ஓய்ந்த பைகளைக் கொட்டகையிலேயே வைத்திருப்பவர்களுக்கு ஈ எப்போதும் போகாது.

கொட்டகைக்குள் போனால் இருமல்

குடை விளிம்பு மேலே மடங்கும்வரை விட்டால் சிப்பிக்காளான் வெள்ளைப் புகை மாதிரித் தூள் கொட்டும். தரையில், சாக்கில், உங்கள் நெஞ்சில் எல்லாம் படியும். தினம் சுவாசித்தால் ஒவ்வாமையாகி இருமலும் காய்ச்சலும் மூச்சுமுட்டலும் வரும். விளிம்பு இன்னும் கீழே வளைந்திருக்கும்போதே திருகிப் பறித்துவிடுங்கள். ஸ்போர் எடுக்க ஒன்றிரண்டை விட்டுவைப்பதானால் அந்தப் பையைத் தனியே வெளியே மாற்றிவிடுங்கள். உள்ளே போகுமுன் கதவைத் திறந்து பத்து நிமிடம் காற்றாட விட்டு, முகமூடி போட்டுக்கொண்டு போங்கள். அப்படியும் இருமல் நிற்காவிட்டால் வைத்தியரிடம் போகும்போது, காளான் வளர்க்கிறேன் என்பதை அவர் கேட்காமலே முதலில் சொல்லிவிடுங்கள்.